இரண்டோடு கடமை முடிந்ததென்று இருந்தோம்

ஜூலை 11 வந்தால் பள்ளிக்கூடங்களில் கட்டுரைப் போட்டி. தலைப்பு மாறாது: மக்கள்தொகைப் பெருக்கமும் சுற்றுச்சூழலும். மக்கள் பெருகுகிறார்கள், அதனால் காடு அழிகிறது, தண்ணீர் வற்றுகிறது, காற்று கெடுகிறது. ஆகவே சிறு குடும்பம் பேணுவோம் என்று முன்னுரையிலிருந்து முடிவுரை வரை ஒரே மூச்சில் எழுதிவிடலாம். முதல் பரிசு பெரும்பாலும் ஒரு டிபன் பாக்ஸ். அதை எழுதி வளர்ந்த தலைமுறை நாம். எழுதியதோடு நிற்காமல் செய்தும் காட்டினோம். தாத்தாவுக்கு எட்டு, அப்பாவுக்கு மூன்று, நமக்கு ஒன்று அல்லது இரண்டு. காடும் தண்ணீரும் காற்றும் மீண்டனவா என்று மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. நம் பங்கு முடிந்தது, இனி மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று உட்கார்ந்துவிட்டோம்.

ஒரு பெண் சராசரியாக 2.1 குழந்தை பெற்றால் மக்கள்தொகை காலப்போக்கில் கூடாமல் குறையாமல் நிற்கும் என்பது மக்கள்தொகையியலின் கணக்கு. தமிழ்நாடு இந்த நூற்றாண்டு பிறக்கும்போதே அந்தப் படிக்கு இறங்கிவிட்டது. 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு முறைக் கணக்கில் நம் எண் 1.4. தேசியக் குடும்ப நல ஆய்வு 1.8 என்கிறது. எதை எடுத்துக்கொண்டாலும் ஐரோப்பிய நாடுகளின் வரிசையில்தான் நிற்கிறோம். இந்தப் பெருமை நமக்கு நிறையவே உண்டு. மேடைகளில் சொல்கிறோம், மத்திய அரசிடம் நிதி கேட்கும்போது சொல்கிறோம், வடக்கைப் பார்க்கும்போது கொஞ்சம் கூடுதலாகவே சொல்கிறோம்.

உலகம் இந்த இடத்துக்கு வர இன்னும் காலம் பிடிக்கும். ஐ.நா. 2024இல் வெளியிட்ட கணிப்பின்படி 2080களின் நடுவில் உலக மக்கள்தொகை சுமார் 1,030 கோடியில் உச்சம் தொட்டு மெல்லச் சரியும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஐ.எச்.எம்.இ. ஆய்வாளர்கள் 2020இல் லான்செட் இதழில் வெளியிட்ட கணிப்பு, உச்சம் 2064இலேயே வரும், அதுவும் 970 கோடிதான், 2100இல் 880 கோடியாகக் குறையும் என்றது. பெண்கள் எவ்வளவு படிப்பார்கள், கருத்தடை வசதி எவ்வளவு எட்டும் என்று அவரவர் வைக்கும் ஊகத்தில்தான் 2100இல் இந்த நூற்றைம்பது கோடிக்குச் சற்றுக் குறைந்த வேறுபாடு. பெருகுமா பெருகாதா என்ற கேள்வி போய், எப்போது அடங்கும் என்ற கேள்வி வந்துவிட்டது. அடங்கிய பிறகு பூமி பிழைக்குமா? அதைச் சொல்ல நம்மைவிடத் தகுதியான சாட்சி கிடைக்காது. பிறப்பு விகிதத்தைப் பொறுத்தவரை உலகம் இனிமேல் போய்ச் சேரப்போகும் ஊரில் நாம் கால் நூற்றாண்டாகக் குடியிருக்கிறோம். நம்மை யாரும் சாட்சிக் கூண்டுக்கு அழைக்கவில்லை என்பது நம் அதிர்ஷ்டம்.

பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 1965இல் சுமார் 5,500 ஹெக்டேர் பரந்திருந்ததாக மதிப்பிடுகிறார்கள். அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது எந்தக் காலத்தில்? தாத்தாக்கள் எட்டுப் பெற்ற காலத்தில் அல்ல. நாம் இரண்டோடு நிறுத்திக்கொண்ட காலத்தில்தான். பெருங்குடியில் குப்பை கொட்டினோம், நடுவே சாலை போட்டோம், ரயில் நிலையம் கட்டினோம், கண்ணாடிக் கட்டடங்களை எழுப்பினோம். அந்தக் கட்டடங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு வேளச்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் அடுக்குமாடி வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் மூன்று பேர், நான்கு பேர். சிறு குடும்பம், சீரான வாழ்வு. 2015 டிசம்பரில் அந்தச் சீரான வாழ்வின் தரைத்தளத்தில் படகு விட்டார்கள்.

தலைகளை எண்ணினோம், அடுப்புகளை எண்ணவில்லை. 2001க்கும் 2011க்கும் இடையில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 15.6 சதவீதம் கூடியது. அதே பத்தாண்டில் குடும்பங்களின் எண்ணிக்கை சுமார் 1.42 கோடியிலிருந்து 1.85 கோடியானது. முப்பது சதவீதம்! கூட்டுக்குடும்பம் உடைந்ததை நாம் உறவுப் பிரச்சினையாகவே பேசினோம். டிவி தொடர்கள் அதற்கென்றே நடந்தன. ஒரு வீடு மூன்று வீடானால் மூன்று ஃபிரிட்ஜ், மூன்று வாஷிங் மெஷின், மூன்று மோட்டார், மூன்று கார் நிறுத்துமிடம், மூன்று லோடு ஆற்றுமணல் என்ற கணக்கை யாரும் போடவில்லை. எட்டுப் பிள்ளைகள் வளர்ந்த ஊர்வீடு பூட்டிக் கிடக்க, அதன் பேரன் ஒற்றைப் பிள்ளைக்காக நகரத்தில் ஒரு வீட்டில் குடியிருந்துகொண்டு முதலீட்டுக்கென்று இன்னொன்றும் வாங்கிப் போட்டிருக்கிறான். இந்த நூற்றாண்டு தொடங்கும்போது அரைக் கோடியை ஒட்டி இருந்த பதிவுபெற்ற வண்டிகள் இப்போது 3 கோடியைத் தாண்டிவிட்டன. வண்டிகளுக்கு நாம் கட்டுப்பாட்டு முகாம் நடத்தவில்லை.

பருவநிலை ஆய்வாளர்கள் எதிர்காலத்தை ஐந்து பாதைகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். 2021இல் வந்த, ஐ.நா.வின் பருவநிலைக் குழுவான ஐ.பி.சி.சி.யின் அறிக்கை அந்தப் பாதைகளை வைத்துத்தான் வெப்பத்தைக் கணக்கிட்டது. பள்ளிக் கட்டுரை எழுதிய நாம் அந்த அட்டவணையை ஒருமுறையாவது உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். முதல் பாதையில் 2100இல் உலக மக்கள்தொகை 700 கோடியை ஒட்டி. ஐந்தாம் பாதையில் சுமார் 740 கோடி. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டிலும் பெண்கள் படிக்கிறார்கள், குழந்தைகள் குறைவு. ஆனால் முதல் பாதையில் சிக்கனமும் பொதுப் போக்குவரத்தும் மாற்று எரிசக்தியும் கூடி நடந்தால் வெப்ப உயர்வை இரண்டு டிகிரிக்குள் நிறுத்தலாம். ஐந்தாம் பாதையில் எல்லோரும் வசதியாக வாழ்கிறார்கள், நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்தே வாழ்கிறார்கள். நூற்றாண்டின் இறுதியில் வெப்பம் சுமார் 4.4 டிகிரி கூடுகிறது. மூன்றாம் பாதையில் 1,260 கோடிப் பேர் நெருக்கியடித்து நிற்கிறார்கள். அங்கே உயர்வு 3.6 டிகிரி. கூட்டம் மிகுந்த உலகத்தைவிட, ஆள் குறைந்த வசதியான உலகம் அதிகம் கொதிக்கிறது.

ஐந்தாம் பாதையில் நிலக்கரியைக் கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டார்கள் என்று இன்று ஆய்வாளர்கள் பலரே சொல்கிறார்கள். சரி, அரை டிகிரி, ஒரு டிகிரி கழித்துக்கொள்ளலாம். மூன்றாம் பாதையும் சுகமானதல்ல. பசியும் எழுத்தறிவின்மையும் அதில்தான் அதிகம். நாம் இரண்டோடு நிறுத்தாமல் ஐந்து பெற்றிருந்தால் சென்னைக்குத் தண்ணீர் இன்னும் முன்பே தீர்ந்திருக்கும் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் அட்டவணையைப் பார்த்தால் நம் முகம் தெரியும் இடம் ஐந்தாம் பாதைதான். அடுக்குமாடி விற்பவர்கள் முன்னால் ஒரு மாதிரி வீடு கட்டி வைப்பார்களே, அதுபோல் அந்தப் பாதைக்கு நாம் மாதிரி வீடாக நிற்கிறோம்.

நிலத்தடி நீரில் நாம் செய்ததைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இந்தியா முழுக்க ஆழ்துளைக் கிணறு தோண்டப் போகும் லாரிகளுக்குத் திருச்செங்கோடு தாய்வீடு. ரிக் லாரி ஊருக்குள் வந்தால் அன்று அந்தத் தெருவுக்கே தூக்கமில்லை. கம்ப்ரஸர் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிரும். மாவு மாதிரி வெள்ளைப் புழுதி பக்கத்து வீட்டுத் துளசி மாடத்தில் போய்ப் படியும். காலையில் வேப்பங்குச்சியோ தேங்காயோ கையில் ஏந்தி ஒருவர் நீரோட்டம் பார்த்துக் கொடுத்த இடத்தில் கற்பூரம் ஏற்றி எலுமிச்சை வெட்டியிருக்கிறார்கள். அறுநூறு அடியில் ஈரம்கூட இல்லை. வீட்டுக்காரர் லாரியைச் சுற்றிச் சுற்றி வருகிறார்.

“அண்ணா, எழுநூறு தொட்டாச்சுங்க. நிறுத்தீரலாங்களா, இன்னும் நாலு ராடு விட்டுப் பாக்கலாங்களா?”

“பக்கத்துல எத்தனைல தம்பி கெடச்சுது?”

“அவிங்களுக்குத் தொள்ளாயிரத்துலங்க.”

“அப்ப ஆயிரம் வரைக்கும் விடுங்க.”

இந்த ஆயிரம் அடி கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கம் அதிசயமில்லை. பக்கத்து வீட்டுக்காரன் தொள்ளாயிரம் போனால் நாம் ஆயிரம். நாம் ஆயிரம் போனதும் அவன் மோட்டார் காற்றை இறைக்கும். அவன் ஆயிரத்து இருநூறுக்குப் போவான். தாத்தா காலத்தில் கமலை இறைத்த கிணறு முப்பது நாற்பது அடி. மாடு களைத்தால் இறைப்பு நிற்கும். நம் நீர்மூழ்கி மோட்டாருக்குக் களைப்பு கிடையாது. வேளாண் பம்புசெட்டுகளுக்கு 1990லிருந்து மின்சாரமும் இலவசம். சிறு விவசாயிக்கு அது உயிர்மூச்சு, அதை நிறுத்து என்று சொல்ல நகரத்தில் ஏசி போட்டுத் தூங்கும் நமக்கு வாய் கிடையாது. இறைக்கும் அளவைப் பற்றி ஒரு பேச்சாவது தொடங்கியிருக்கலாம். தொடங்கியவர்களையும் தேர்தல் நேரத்தில் பேச விடவில்லை. தமிழ்நாட்டில் நிலத்தடி நீரைச் சிறு சிறு வட்டாரங்களாகப் பிரித்து மதிப்பிடுகிறார்கள். அவற்றில் சுமார் மூன்றில் ஒரு பங்கில், ஆண்டுக்கு ஊறுவதைவிட உறிஞ்சுவது அதிகம். நம் வட்டாரம் அந்த மதிப்பீட்டு வரைபடத்தில் எந்த நிறத்தில் இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ராசி, நட்சத்திரம், லக்னம் எல்லாம் தெரியும்.

2003இல் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது எல்லோரும் கட்டினோம். குடிநீர் இணைப்பு போய்விடுமே என்ற பயம்தான் காரணம், இருந்தாலும் கட்டினோம். இரண்டு மூன்று ஆண்டுகளில் சென்னையில் நீர்மட்டம் ஏறியது. பிறகு? குழியில் மண் மூடியது, குழாய் உடைந்தது, கார் நிறுத்த இடம் வேண்டுமென்று மேலே டைல்ஸ் பதித்தோம். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். அதற்கு வில்லிவாக்கத்தில் வரவேற்பு நடந்தது, போட்டோவும் எடுத்துக்கொண்டோம்.

வெளியிலிருந்து வரும் பசி இன்னொன்று. ஜெர்மனியில் அரை நூற்றாண்டாகப் பிறப்பைவிட இறப்பு அதிகம். அந்த ஊர்க் கடைகளில் தொங்கும் பனியனில் திருப்பூர்ச் சீட்டு இருக்கும். அந்தப் பனியனுக்குப் போட்ட சாயம் நொய்யலில் ஓடியது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுக் குட்டையாயிற்று. தண்ணீருக்காக அணை கேட்ட விவசாயிகளே அந்தத் தண்ணீர் வேண்டாமென்று நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் ஊர் அதிர்ந்தது. அதுவரை நாம் என்ன செய்தோம்? டாலர் சிட்டி என்று பெயர் வைத்துக் கொண்டாடினோம். பாலாற்றில் தோல் கழிவுக்கும் இதே கதை, அங்கே உச்ச நீதிமன்றம் 1996லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆம்பூர்க்காரர்களுக்கும் வாணியம்பாடிக்காரர்களுக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பிறப்பைக் குறைத்த பெருமையிலும் நாம் பேசாமல் விட்டது உண்டு. குறைத்தது யார்? தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் ஏறக்குறைய 58 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் பங்கு ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. ஆணுக்குச் செய்வது எளிது, பத்து நிமிட வேலை, படுக்கையும் தேவையில்லை. மருத்துவர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். இரண்டாவது பிரசவம் ஆனதும் ‘கு.க. பண்ணிக்கிட்டாளா?’ என்று விசாரிக்கும் வழக்கம் வந்ததே தவிர, ‘பண்ணிக்கிட்டானா?’ என்று யாரும் கேட்டதில்லை. பெரியார் 1930களின் தொடக்கத்தில் கர்ப்பத்தடையைப் பற்றி எழுதியபோது நாட்டின் வறுமையைக் குறைக்க என்று எழுதவில்லை. பெண்ணின் விடுதலைக்கு என்று எழுதினார். நாம் அவர் கருவியை எடுத்துக்கொண்டோம், காரணத்தைக் கழற்றி வைத்துவிட்டோம்.

உசிலம்பட்டியிலும் சேலத்திலும் தருமபுரியிலும் பெண்சிசுக்களைக் கொல்ல நெல்லும் கள்ளிப்பாலும் பேசிய காலம் அதே காலம்தான். ‘இரண்டு போதும்’ என்றபோது நம் வீடுகளில் பலருக்கு அது ‘இரண்டில் ஒன்றாவது ஆணாக இருக்க வேண்டும்’ என்று கேட்டது. 1992இல் அரசு தொட்டில் வைக்க வேண்டி வந்தது. பிறகு ஸ்கேன் மையங்கள் வந்தன, சத்தம் வெளியே கேட்காமல் போயிற்று. பிறப்பு விகிதம் இறங்கிய வரைபடத்தை மட்டும் நாம் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தோம்.

பால் எர்லிக் 1968இல் எழுதிய மக்கள்தொகை வெடிகுண்டுப் புத்தகம், டெல்லியில் ஒரு வெக்கை இரவில் டாக்சியில் போகும்போது கண்ட கூட்டத்தைப் பற்றிய அருவருப்போடு தொடங்குகிறது. அன்றைய டெல்லியைவிட அன்றைய பாரிஸ் மாநகரில் மக்கள் இரு மடங்குக்கும் மேல். பாரிஸைப் பார்த்து அவருக்கு அந்தப் பயம் வரவில்லை. படிக்கும்போது நமக்குக் கோபம் வரும். ஆனால் அதே கண்ணோடு நாம் இன்று பீகாரைப் பார்க்கிறோம். சென்ட்ரலில் வந்து இறங்கும் இளைஞர்களைப் பார்த்து ‘அங்கே பெத்துத் தள்றாங்க, இங்கே வந்து நிக்கிறாங்க’ என்று பேசாத டீக்கடை உண்டா? பீகாரில் ஒருவருக்கு ஆகும் மின்சாரத்தைப்போல் பல மடங்கு தமிழ்நாட்டில் ஒருவர் செலவழிக்கிறார். நம் அடுக்குமாடிகளைக் கட்டுவது அவர்கள், திருப்பூர் நூலை ஓட்டுவது அவர்கள், நம் அப்பா அம்மாவைக் கவனித்துக்கொள்ள நாளை வரப்போவதும் அவர்கள் ஊர்ப் பெண்களாக இருக்கலாம். தகரக் கொட்டகையில் பத்துப் பேராகப் படுத்து, ஒரு மின்விசிறியைப் பங்கிட்டுக்கொள்பவர்களின் பிறப்பு விகிதத்தைப் பற்றி, அறைக்கொரு ஏசி வைத்திருக்கும் நாம் கவலைப்படுகிறோம். உலக அளவிலும் இதுதான் நடக்கிறது. 1990 முதல் 2015 வரை வெளியேறிய கரியமில வாயுவில் பாதிக்கு மேல் உலகின் மேல்தட்டுப் பத்து சதவீதத்தினருடையது, கீழ்ப்பாதி மக்களின் பங்கு ஏழு சதவீதம் என்று ஆக்ஸ்ஃபாம் கணக்கிட்டது. குழந்தை அதிகம் பிறக்கும் நாடுகளின் மக்கள் பெரும்பாலும் அந்த ஏழு சதவீதத்துக்குள்தான் வருகிறார்கள்.

இப்போது காற்று திரும்பி அடிக்கிறது. தொகுதி மறுவரையறை வந்தால் பிள்ளை குறைத்த மாநிலங்களுக்கு இடம் குறையும் என்ற பயம் நியாயமானது. நல்ல பிள்ளையாக இருந்ததற்குத் தண்டனையா என்று கேட்பதில் தவறில்லை. 2024 அக்டோபரில் ஒரு திருமண விழாவில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், பதினாறும் பெற்று என்ற வாழ்த்தை எடுத்துப் பதினாறு பிள்ளை பெறலாமே என்று நினைக்க வைக்கிறது நிலைமை என்று பேசினார். கைதட்டினோம். அன்று வேண்டாம் என்றபோதும் இன்று வேண்டும் என்கிறபோதும் நமக்குத் தெரிந்த ஒரே அலகு தலைதான். பிறக்கப்போகும் அந்தப் பதினாறுக்கும் எந்த ஏரியில் தண்ணீர் என்று கூட்டத்திலிருந்து ஒருவரும் கேட்கவில்லை. யாரைப் பெறச் சொல்கிறோமோ அவர்களைக் கேட்கும் வழக்கமோ முன்பும் இல்லை.

முதுமை வேறு வந்து நிற்கிறது. 2031இல் தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 18 சதவீதத்தை ஒட்டி இருப்பார்கள் என்கிறது அரசின் கணிப்பு. நாலாவது மாடியில் தண்ணீர் வராத நாளில் குடம் தூக்க இளம் கைகள் குறைந்த வீடுகள் அவை. ஏப்ரல் வெயிலில் மின்சாரம் போனால் முதலில் விழுவதும் அவர்கள்தான். அந்த அறுபதில் நாமும் இருப்போம்.

2025இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், பள்ளிக்கரணையில் ராம்சர் என்னும் பன்னாட்டுச் சதுப்புநிலப் பட்டியலில் சேர்ந்த பகுதிக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கும் ஆய்வு முடியும்வரை புதிய கட்டட அனுமதி தரக்கூடாது என்றது. சதுப்புநிலச் செய்தி அது. நமக்கோ மனைவிலைச் செய்தியாகத்தான் பட்டது. முன்பணம் கட்டிவிட்டு மாதத் தவணையோடு நிற்பவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஒரு கிலோமீட்டரில் முன்பே வீடு வாங்கிக் குடியேறிவிட்ட நாம் எத்தனை நலச்சங்கக் கூட்டங்களில் அதைப் பேசினோம்? பார்க்கிங் தகராறும் லிஃப்ட் பராமரிப்பும் பேசினோம். டேங்கர் லாரிக்கான செலவை வீட்டுக்கு இவ்வளவு என்று பைசா பிசகாமல் பிரித்தோம். அந்த லாரி எந்த ஊர்க் கிணற்றில் நிரப்பிக்கொண்டு வருகிறது என்ற கேள்வி கூட்டக் குறிப்பில் இல்லை.